நாற்பத்தாறு பேர், அறுபத்தெட்டுக் கை

ஜூன் 2, திங்கள்

இன்னையிலிருந்து எழுதறேன். உரக்கடைக்காரர் ஜனவரியில கொடுத்த டைரி அஞ்சு மாசமா டிவி ஸ்டாண்டுக்கு அடியில கெடந்துச்சு. எங்க மஞ்சனூர் நகராட்சி இப்ப மாநகராட்சி. நாளைக்கு எவனாவது இந்த ஊர்ச் சரித்திரம் எழுத வந்தான்னா, தேங்காய் மண்டி அர்த்தநாரிங்கற மனுசன் என்னென்ன பண்ணுனான்னு அவனுக்குத் தெரியோணும்.

காலையில பத்தரை மணிக்கு என் சம்சாரம் கோகிலவாணி மேயரா பதவி ஏத்துக்கிட்டா. வார்டு ஜெயிச்ச நாப்பத்தெட்டுப் பேரும் கூடி அவங்களுக்குள்ளயே ஓட்டுப் போட்டு அவளைத் தேர்ந்தெடுத்தாங்க. போன அஞ்சு வருசம் நகராட்சித் தலைவியா இருந்ததும் அவதான். ஆனா அது பேருக்கு. ஆபீசுக்குப் போறது, காண்ட்ராக்டரை மெரட்டறது, பைல் பாக்கறது, கடைசியில அவ கையெழுத்தைப் போடறது வரைக்கும் எல்லாம் நான்தான். அவ கையெழுத்தை அவளைவிட நான் நல்லாப் போடுவேன். ஊருக்கே தெரியும்.

வந்த மாலையில பாதிக்கு மேல எனக்குத்தான் விழுந்துச்சு. ஒரே ஒரு குறை. செவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியுமா அவ நடந்து வர்றா, முன்னாடி வெள்ளிச் செங்கோலைத் தூக்கிக்கிட்டு தபேதார் போறான். நான் வழக்கம்போல அவளுக்கு ஒரு அடி முன்னாடி போனேன். அந்தத் தபேதார் திரும்பிப் பாத்து, "சார், நீங்க பின்னாடி வாங்க"ன்னுட்டான். புது ஆளு. பழகிக்குவான்.

ஜூன் 3, செவ்வாய்

நகராட்சியா இருந்தப்ப சோலி சுலபம். தலைவர், கமிஷனர், வார்டு மெம்பருங்க, முடிஞ்சது. இப்ப சுத்தி இருந்த ஏழு ஊராட்சியைச் சேத்துட்டாங்க. நாப்பத்தெட்டு வார்டையும் நாலு மண்டலமாப் பிரிச்சு, மண்டலத்துக்கு ஒரு தலைவர், ஒரு உதவி ஆணையர், தனியா ஒரு ஆபீசு. பொறப்புச் சர்டிபிகேட்டு, குடிதண்ணிக் குழாய், தெருவிளக்கு எதுக்கும் ஜனங்க இனி அங்கதான் போகோணும். பணிகளுக்கு, சுகாதாரத்துக்கு, கல்விக்குன்னு ஆறு நிலைக்குழு. தீர்மானம் போடறது மாமன்றம், அதுக்குத் தலைமை மேயர். போட்ட தீர்மானத்தைச் செஞ்சு முடிக்கறது ஆணையர்.

பழைய காலண்டர் பின்னாடி இதையெல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சேன். உச்சியில மேயர். மேயருக்கு மேல இன்னொரு கட்டம் போட்டு, அதுல "நான்"னு எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டினேன்.

அம்மிணி, கோகிலவாணியை வீட்டுல நான் அப்படித்தான் கூப்பிடறது, காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு சித்த நேரம் நின்னு பாத்தா. "நல்லா வரைஞ்சிருக்கறீங்க. கேஸ் சிலிண்டர் தீரப் போகுது, புக் பண்ணீட்டீங்களா?"ன்னா.

ஜூன் 6, வெள்ளி

நாலாவது மண்டலத்துக்கு ஆபீசு எங்க வைக்கறதுன்னு இன்னும் முடிவாகல. ரெண்டு எடம் பேச்சுல இருக்குது. ஒண்ணு எங்க சந்தைப்பேட்டை, நான் பொறந்த எடம், பன்னெண்டாவது வார்டு. இன்னொண்ணு ஓடைக்காட்டுப்புதூர். புதுசாச் சேத்த ஊராட்சி, ஓடைக்கு அக்கட்டால சோளக்காட்டுக்கு நடுவுல. அங்க யாரு போவா?

பொழுதோட பேக்கரிக்குப் போனேன். லாரிப் பட்டறை தங்கமுத்து எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரி, "ஏப்பா அர்த்தநாரி, மேயர் நம்ம வார்டு. ஆபீசு நமக்கு வருமா, இல்ல புதூர்க்காரன் தூக்கிட்டுப் போயிருவானா?"ன்னான்.

"சந்தைப்பேட்டையிலதான். என் வாக்கு. வரலைன்னா இந்த மீசையை எடுத்துக்கறேன்"னு சொல்லிப்போட்டேன்.

பேக்கரியே கை தட்டுச்சு. இருபத்தெட்டு வருசமா வளத்த மீசை. நகராட்சியில என் மீசையைப் பாத்தாலே பைல் நகரும்.

ஜூன் 11, புதன்

மேயர் அறையில எனக்கு ஒரு நாற்காலி கேட்டேன். மன்றச் செயலர் குப்புராஜ், மாமன்றக் கூட்டம் நடத்தறது, மினிட்ஸ் எழுதறது எல்லாம் அவர் வேலை, சட்டப் பொஸ்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "மேயரின் கணவர்ங்கற பதவி இதுல இல்லீங்களே"ன்னார். பாவம், கண்ணு தெரியாது அவருக்கு. கண்ணாடி சோடா பாட்டில் அடியாட்ட இருக்கும்.

எப்படியோ நாலு பைலை வாங்கி வந்து, கார்லயே உக்காந்து, பழைய ஞாபகத்துல அம்மிணி கையெழுத்தைப் போட்டு அனுப்பிட்டேன். அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சது.

அம்மிணி இன்னைக்கும் ஆணையர்கூடப் பேசிட்டு லேட்டாத்தான் வந்தா. நானே உப்புமா கிண்டினேன். கட்டி கட்டியா வந்துச்சு. சாப்பிட்டா.

ஜூன் 14, சனி

நாலு பைலும் திரும்பி வந்துருச்சு. ஆணையர் நஸீமா பச்சை மையில எழுதி இருக்கறாங்க: "கையெழுத்து, மாதிரிக் கையெழுத்துடன் ஒத்துப்போகவில்லை."

அஞ்சு வருசமா ஒருத்தருக்கும் தெரியாதது இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?

வீட்டுக்கு வந்து அம்மிணிகிட்டக் கத்தினேன். அவ பாவாடை நாடா கோத்துக்கிட்டே, "ஊரு மாநகராட்சி ஆயிருச்சுங்கள்ல. கையெழுத்தும் புதுசாக் கொடுத்துட்டேன்"னா.

"எங்கிட்டச் சொல்லலையே?"

"நீங்க கேக்கலீங்களே."

நான் போயி டிவியைச் சத்தமா வெச்சேன். இனி இவகிட்டப் பேச்சே இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கறி எடுத்தேன். பேசல.

ஜூன் 25, புதன்

காலையில எட்டு மணிக்குப் போனவ பொழுது எறங்கித்தான் வந்தா. கார் வீட்டுலயே நிக்குது. முகமெல்லாம் வெய்யில்ல கருத்து, செருப்பு பூராப் புழுதி.

"எங்க போயிட்டு வர்ற?"

"ஓடைக்காட்டுப்புதூருக்கு. பஸ்ல."

"மேயர் பஸ்லயா?"

"அங்க இருந்து சந்தைப்பேட்டைக்கு எத்தனை பஸ் மாறோணும், தெரியுங்களா?"

"நாம கார்லதானே போவோம்?"ன்னேன். நியாயமான கேள்விதான். அவ என்னையப் பாத்த பார்வை இருக்குதே, நான் எந்திரிச்சுப் போயி மோட்டார் போட்டேன். தொட்டி ஏற்கனவே நெறஞ்சிருந்துச்சு, தண்ணி வாசல் வரைக்கும் ஓடிருச்சு.

ஜூலை 4, வெள்ளி

ஒம்பதாந்தேதி மாமன்றக் கூட்டம். அஜெண்டாவுல ஏழாவதா மண்டல ஆபீசு எடம். ஓட்டுக்கு விடறாங்க.

நானும் பத்து நாளாச் சும்மா இல்ல. நாப்பத்தெட்டுல பாதிப் பேரு பொம்பளைங்க. பொம்பளை மெம்பர்னா எங்க ஊர்ல வீட்டுக்காரனைத்தான் பாக்கோணும். பாத்தேன். பத்தொம்பதாவது வார்டு ஜெகநாதன், அவன் சம்சாரம் மெம்பர், "அண்ணா, நீங்க கை தூக்குனா நான் தூக்கறேன். நான் தூக்குனா அவ தூக்குவா"ன்னான். இப்படியே இருபது பேரு வாக்குக் கொடுத்துட்டாங்க. புதூர் மெம்பர் மாராத்தாவுக்கு மட்டும் வீட்டுக்காரர் இல்ல, தவறிட்டார். அந்தம்மா ஆடு மேய்க்கறவங்க, என்னைய வாசல்லயே நிக்க வெச்சு மோர் கொடுத்து அனுப்பிட்டாங்க. மோர் நல்லா இருந்துச்சு.

எங்க பக்கத்து ஆம்பளை மெம்பர் நாலஞ்சு பேரையும் சேத்துக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஜெயிச்சாச்சு. மீசைக்கு எண்ணெய் தடவினேன்.

அம்மிணி அவ ஓட்டு யாருக்குன்னு சொல்லவே மாட்டீங்கறா. "மேயர் நாற்காலியில இருந்தா ஓட்டுப் போடக் கூடாதுங்க. ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் மேயருக்கு ஒரு ஓட்டு"ங்கறா. எங்க சமமா வரப்போகுது?

ஜூலை 9, புதன்

என்னன்னு எழுதறது. நடந்ததை நடந்தபடியே எழுதீர்றேன்.

புதுக் கட்டடம் இன்னும் கட்டல. கூட்டம் பழைய நகராட்சி ஹால்லதான். சின்ன ஹாலு. முன்னாடி மெம்பருங்க, அவங்க முதுகுக்குப் பின்னாடியே பிளாஸ்டிக் நாற்காலியில பார்வையாளருங்க. பார்வையாளருங்கன்னா யாரு, நாங்கதான். இருபத்திரண்டு வீட்டுக்காரருங்க. நகராட்சிக் காலத்துல இருந்தே அதுதான் எங்க எடம். அப்பெல்லாம் தீர்மானம் வந்தா நாங்க பின்னாலிருந்து கை தூக்குவோம், அவங்க முன்னால தூக்குவாங்க. யாரும் எதுவும் கேட்டதில்ல.

முப்பத்தொண்ணாவது வார்டு பொண்ணுக்கு முந்தாநேத்துத்தான் பொம்பளைப் புள்ளை பொறந்திருக்குது, அதனால வரல. மேயர் போக நாப்பத்தாறு பேரு.

ஏழாவது தீர்மானம் வந்துச்சு. மாராத்தா எந்திரிச்சு ரெண்டே வார்த்தை பேசுச்சு. "எங்கூர்ல ஒரு பொறப்புச் சர்டிபிகேட்டுக்கு ரெண்டு பஸ் மாறி வர்றோம். அன்னைக்குப் பொழப்புப் போச்சு. அவ்வளவுதானுங்க"ன்னு உக்காந்துருச்சு.

"சந்தைப்பேட்டைக்கு ஆதரவு தர்றவங்க கை தூக்குங்க"ன்னா அம்மிணி.

நான் தூக்கினேன். ஜெகநாதன் தூக்கினான். பின்னாடி வரிசையே தூக்குச்சு. முன்னாடி வரிசை திரும்பிப் பாத்துட்டுத் தூக்குச்சு. குப்புராஜ் கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணினார்.

"ஆதரவு நாப்பத்தேழுங்க."

ஹால்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

"இப்ப புதூருக்கு ஆதரவு?"

"இருபத்தொண்ணுங்க."

அம்மிணி பேனாவைக் கீழ வெச்சா. "ஏனுங்க செயலர், இருக்கற மெம்பருங்க எத்தனை?"

"நாப்பத்தாறுங்க மேயரம்மா."

"நாப்பத்தாறு பேருக்கு அறுபத்தெட்டுக் கையா?"

குப்புராஜ் மறுபடியும் கண்ணாடியைத் தொடச்சார்.  அட கெரகமே, அப்பத்தான் எனக்கே உறைச்சுது. எங்க கையையும் சேத்து எண்ணிப்புட்டார் மனுசன்! என் கை இன்னும் பாதி மேலதான் இருந்துச்சு. அதை அப்படியே தலையைச் சொறியற மாதிரி எறக்கினேன்.

அம்மிணிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டா, எனக்குத் தெரியும், சிரிப்பை அடக்கினா அவளுக்கு மூக்கு வெடைக்கும். "மறுபடியும் ஓட்டு எடுக்கறோம். ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க மட்டும் கை தூக்குங்க. பின்னாடி இருக்கற வீட்டுக்காரருங்க எல்லாரும் தயவு பண்ணி ரெண்டு கையையும் கட்டிக்குங்க."

இருபத்திரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளாட்டக் கையைக் கட்டினோம். மில்லு வெச்சிருக்கறவன், வக்கீலு, நானு, எல்லாம். தபேதார் வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். முன்னாடி ஒரு பொண்ணு களுக்குன்னு சிரிச்சுது, அப்புறம் ஹாலே சிரிச்சுது. என்னமோ எனக்கும் சிரிப்பு வந்து தொலைச்சுது.

மறுபடியும் எண்ணுனாங்க. இந்தத் தடவை முன்னாடி வரிசை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஜெகநாதன் சம்சாரம் புதூருக்குக் கை தூக்குச்சு! அவன் கட்டின கையோட "ஏ... ஏ..."ங்கறான், அது காதுல வாங்கவே இல்ல. அதையும் சேத்து ரெண்டு பொம்பளைங்க மாறிட்டாங்க.

சந்தைப்பேட்டை இருபத்தி மூணு. புதூர் இருபத்தி மூணு.

எல்லாக் கண்ணும் அம்மிணி மேல. அவ நேரா என்னையப் பாத்தா. என் மீசையைத்தான் பாத்தான்னு வெச்சுக்குங்க.  நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன், கண்ணால கெஞ்சறேன்.

"மேயரோட ஓட்டு ஓடைக்காட்டுப்புதூருக்கு"ன்னா. 

மாராத்தா எந்திரிச்சு கும்பிட்டுச்சு. முன்னாடி ஹாலே கை தட்டுச்சு. பின்னாடி இருந்து ஒரே ஒரு ஆளு கை தட்டுனதா ஜெகநாதன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அது நான் இல்ல. கை மரத்துப் போச்சேன்னு ஒதறினேன், அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

மீசையை எடுத்தாச்சு. வாக்குன்னா வாக்கு. சலூன்காரர் மூணு தடவை கேட்டுட்டுத்தான் கத்தி வெச்சார்.

அம்மிணி கதவைத் தொறந்தவ அப்படியே நின்னுட்டா. நான் திட்டறதுக்கு ரெடியா வந்தேன். அவ கிட்ட வந்து என் மேலுதட்டைத் தொட்டுப் பாத்து, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்படித்தான் இருந்தீங்க. இதுக்குத்தான் சரின்னு சொன்னேன்"னா.

திட்டணும்னு வந்தது மறந்து போச்சு. ராகி தோசைக்கு மாவு நானே கரைச்சேன்.

ஜூலை 13, ஞாயிறு

டார்ச் லைட்டுக்கு பேட்டரி தேடினேன். பூஜை அலமாரி அடியில ஒரு பிஸ்கட் டப்பா. தொறந்தா, தினசரி காலண்டர்ல கிழிச்ச சீட்டு. கட்டுக் கட்டா, ரப்பர் போட்டு. ஒவ்வொண்ணு பின்னாடியும் ஒரே கையெழுத்து. கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி. மொத சீட்டுல எழுத்து கோணலாக் கெடக்குது, போகப் போக நேராகி, கடைசியில ஒரே இழுப்பு. ஆணையர்கிட்டக் கொடுத்த அதே கையெழுத்து.

மொத சீட்டுல தேதி பாத்தேன். போன வருசத்துக்கு முந்தின வருசம், ஜனவரி. ஊரு மாநகராட்சி ஆகப்போகுதுன்னு பேச்சே இல்லாத காலம். நான் கார்ல உக்காந்து அவ பேருல கையெழுத்துப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலம்.

தரையில உக்காந்தே அத்தனையும் பாத்தேன். அறுநூறுக்கு மேல இருக்கும். கோவம் வரோணும். வரல. கடைசி சீட்டை எடுத்து அந்த இழுப்பு மேல வெரலை ஓட்டிப் பாத்தேன். எத்தனை நாளு, எவ்வளவு பொறுமையா எழுதிப் பாத்திருக்கறா.

டப்பாவை இருந்த மாதிரியே வெச்சுட்டேன். பிரிட்ஜ்ல ஒட்டின என் படத்தைக் கிழிச்செடுத்தேன். உச்சிக் கட்டம் மட்டும் வரல, நல்ல பசை. சுரண்டித்தான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புதூர்ல மண்டல ஆபீசு தொறந்தாச்சு. பழைய ஊராட்சிக் கட்டடத்துக்கே சுண்ணாம்பு அடிச்சு, நாலு கவுண்டர். மாராத்தா ஊருக்கே கேசரி போட்டுச்சு. அந்த வார்டுப் பொம்பளைங்க கும்மி அடிச்சாங்க. மேயர் அங்கியை முந்தானையாட்டம் இடுப்புல சொருகிக்கிட்டு அம்மிணியும் எறங்கிட்டா. தபேதார் செங்கோலை எங்கிட்டக் கொடுத்துட்டு போட்டோ எடுக்கப் போயிட்டான். நல்ல கனம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சந்தைப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி சாக்கடை மூடி ஒடைஞ்சு கெடக்குது. தங்கமுத்து பேக்கரியில, "மேயர் வீட்டுக்காரா, ஆபீசைத்தான் கோட்டை விட்டே. ஒரு மூடியாவது போட வெப்பியா?"ன்னான். வீட்டுல அம்மிணிகிட்டச் சொன்னேன். "நம்ம வார்டு நாலாவது மண்டலங்க. மனு எழுதிக் கொடுங்க"ன்னுட்டா.

சரின்னு எழுதினேன். "மாண்புமிகு மேயர் அவர்களுக்கு"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள நாலு தாளைக் கசக்கிட்டேன். புதூருக்கு வேணும்னுதான் பஸ்ல போனேன். ரெண்டு பஸ், ஒண்ணேகால் மணி நேரம். வெய்யிலு மண்டையைப் பொளந்துச்சு. டோக்கன் பதினாலு.

எனக்கு முன்னாடி ஒரு பெரியவர், கைலியும் வேப்பங்குச்சியுமா. "வூட்டுல இருந்து பல்லு வெளக்கிட்டே நடந்து வந்துட்டேனுங்க. முன்னெல்லாம் ஒரு நாள் பூராப் போயிரும்"னு சிரிச்சார். பேத்திக்குப் பொறப்புச் சர்டிபிகேட்டு. பத்து நிமிசத்துல வாங்கிட்டு, குச்சியைத் திருப்பி வாயில வெச்சுக்கிட்டுப் போயிட்டார்.

கவுண்டர்ப் பொண்ணு, "பேரு?"ன்னுச்சு. மீசை இல்லாததுல அடையாளம் தெரியல.

"அர்த்தநாரி."

"என்ன வேலை?"

மேயர் வீட்டுக்காரர்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "தேங்காய் மண்டி"ன்னேன். ரசீது கொடுத்துச்சு. மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். வர்ற வழியில ரெண்டு தடவை எடுத்துப் பாத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். இப்பெல்லாம் நல்லா வட்டமா வருது. போஸ்ட்மேன் வந்து ஒரு கவர் கொடுத்தார். மாநகராட்சி முத்திரை.

"திரு. அர்த்தநாரி அவர்களுக்கு, தங்கள் மனு பணிகள் குழுவால் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் பணி முடிக்கப்படும்." கீழ பச்சை மையில, ஒரே இழுப்புல, கோகிலவாணி.

எழுதினவ எதுத்தாப்பல உக்காந்து தோசையைச் சட்னியில தொட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறா.

"ஏன் அம்மிணி, ஒரே வீட்டுல இருக்கறோம். வாயில சொல்லியிருக்கலாமே?"

"மனு ஆபீசுக்குத்தானுங்க வந்துச்சு, வீட்டுக்கு வரல"ன்னா. மூக்கு வெடைச்சுது. ரெண்டு பேரும் சிரிச்சதுல ஒரு தோசை கருகிப் போச்சு.

கடுதாசியைத் தூக்கிக்கிட்டு நேரா பேக்கரிக்குப் போனேன். தங்கமுத்து கண்ணுக்குக் கிட்டப் புடிச்சுப் படிச்சான். கீழ வந்ததும் கையெழுத்தையே உத்து உத்துப் பாத்தான். அவ கையெழுத்தை நான் போடறது ஊருக்கே தெரிஞ்ச விசயம்தானே.

"அர்த்தநாரி, நெசத்தைச் சொல்லு. இது நீ போட்டதா?"

"எனக்கு இப்படிப் போட வராதுப்பா"ன்னேன். "அவ போட்டது."

அவன் தலையாட்டிட்டு மறுபடியும் பாத்தான். நான் கடுதாசியை வாங்கி, டீ சிந்தாத எடமாப் பாத்து மேசை மேல வெச்சு, பேக்கரியில இருந்த எல்லார்த்தையும் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினேன்.